செப்பேட்டுக் கோப்பைத் திருத்தும் மேக்ரோ

உரைத்தொகுப்பியில் ஒருமுறை தட்டிய விசைகளைப் பதிந்துவைத்து, வேண்டும்போதெல்லாம் அதே வரிசையில் மறுபடி தட்டவைப்பதே மேக்ரோ. ஈமேக்ஸ் தொகுப்பியே 1976இல் டெக்கோ என்ற தொகுப்பிக்கு எழுதிய மேக்ரோ நிரல்களின் கட்டாகத்தான் பிறந்தது. உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் பிரித்துக் காட்டும் எக்ஸ்எம்எல் கோப்புகளில், ஒரே திருத்தத்தை நூறு இடங்களில் செய்ய வேண்டியிருக்கும்போது, விசைப்பதிவு மேக்ரோவின் அருமை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு: கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் 1929இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாயின. அவற்றுள் பெரிய செப்பேட்டில் முதலில் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், பிறகு வட்டெழுத்தில் தமிழ். மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதம் தமிழானதையும் பாண்டியர் சாதனைகளாகச் சொல்லும் அரிய ஆவணம் இது.

இத்தகைய ஆவணத்தைத் தட்டச்சு செய்வோர் ஏட்டுக்கு ஒரு பகுதி என்று பிரிப்பது இயல்பு: <ஏடு எண்="2"> என்று திறந்து </ஏடு> என்று மூடுவார்கள். (எக்ஸ்எம்எல் குறிச்சொற்கள் தமிழிலும் இருக்கலாம்.) ஆனால் செய்யுள் ஏட்டின் விளிம்பில் நிற்பதில்லை, பாதி இங்கும் பாதி அடுத்த ஏட்டிலும் கிடக்கும். எக்ஸ்எம்எல்லில் ஒரு பகுதி இன்னொன்றைக் குறுக்கே வெட்டக் கூடாது. ஆகவே செய்யுளைப் பகுதியாக்கி, ஏட்டை <ஏடு எண்="2"/> என்ற வெற்று அடையாளமாகச் சுருக்குவதே சரி. கல்வெட்டுகளுக்கான எபிடாக் வழிமுறையும் ஏட்டு மாற்றத்தை அப்படிக் குறிக்க இடம்தருகிறது.

மேக்ரோவின் வேலை எளிது: அடுத்த <ஏடு என்பதைத் தேடு, அந்தக் குறிச்சொல்லின் முடிவில் சாய்கோடு இடு, அடுத்த </ஏடு> வரை போய் அதை அழி. அம்புக்குறி விசையை எண்ணி நகர்த்திப் பதிந்தால் நீளம் மாறும் வரியில் தடம் புரளும். தேடல் வழியாகவே நகர வேண்டும். முடிவும் முக்கியம். ஈமேக்ஸில் தேடல் தோற்றதும் மேக்ரோ நின்றுவிடும். விம் தொகுப்பியிலோ, அமைப்பை மாற்றாவிட்டால், தேடல் கோப்பின் தலைக்கே திரும்பி, முடிந்த இடத்தில் இரண்டாம் சாய்கோட்டை இடும்.

இரண்டாகத் துண்டுபட்ட செய்யுளை ஒட்டுவது இப்படி ஓட்டிவிடக் கூடிய வேலை அல்ல. அவை ஒரே செய்யுளின் பாதிகளா என்பது யாப்பறிந்தவருக்கே தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் நின்று கேட்கும் வசதி ஈமேக்ஸ் மேக்ரோவில் உண்டு. அதைப் பயன்படுத்துவதே முறை.

கடைசியாகக் கோப்பைச் சரிபார்ப்பு நிரலில் ஓட்ட வேண்டும். அது குறிச்சொற்களின் அமைப்பைத்தான் பார்க்கும், உரை மாறியதா என்று பார்க்காது. ஆகவே பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டிலும் குறிச்சொற்களை நீக்கி உரையை ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பழைய கோப்பிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.