தூரத்து வைத்தியம் – 7: பாறைக்குக் காது வைத்த ஊர்

சென்ற வாரம் சென்னை டாக்டர் வி. சேஷையாவின் ஒற்றைச் சோதனையில் நிறுத்தினோம்: 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், 140ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். சர்க்கரை இருப்பது தெரிந்த பெண்ணை வீட்டில் வைத்தே கண்காணிக்க என்ன செலவாகும் என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொன்ன கணக்கு. அதற்குள் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் குறுக்கே வந்துவிட்டது.

தூரத்திலிருந்து கண்காணிப்பது அந்த ஊருக்குப் பழைய வித்தை. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் மேற்பாறையின் பாரம் தாங்காமல் சுவர்கள் திடீரென்று சிதறும். பழைய அறிக்கைகளில் அதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். 1912லேயே நிலத்தின் மேல் ஒரு நிலநடுக்கமானியை வைத்தார்கள். 1978ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, பாறையின் அதிர்வைக் கேட்கும் ஜியோபோன் வலை வந்தது. பாதாளத்தில் எந்த மூலையில் பாறை வெடித்தது என்பதை மேலே உட்கார்ந்தே குறித்தார்கள். 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே அங்கே பிறந்தது. இவ்வளவு கருவி இருந்தும் வெடிப்பு நிற்கவில்லை, சாவும் நிற்கவில்லை. கருவியால் உபகாரம் ஆனதற்குக் காரணம் ஒன்றுதான்: அது சொன்னதைப் படித்து, முட்டுக்கொடுக்கவோ வேலையை நிறுத்தவோ உத்தரவிடக்கூடியவர்கள் அதே ஊரில் இருந்தார்கள்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் சங்கதியும் இதுவே. வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120. இதற்குக் கீழே இருக்க வேண்டும். செல்போன் அந்த எண்ணை டாக்டரிடம் சேர்த்துவிடும். எண் தொடர்ந்து ஏறினால் சாப்பாட்டை மாற்றச் சொல்வது யார், இன்சுலினை ஆரம்பிப்பது யார்? ஆக்ஸ்ஃபோர்டில் இருநூறு பெண்கள் அளவில் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், செல்போன் வழிக் கண்காணிப்பால் சராசரி சர்க்கரை அளவு மாறவில்லை. பெண்களுக்குத் திருப்தி கூடியது. அதாவது, நல்ல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் இது அலைச்சலை மிச்சப்படுத்தும். இல்லாத இடத்தில் ஆஸ்பத்திரியை உண்டாக்காது. தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடியபோது கம்பெனி ஆஸ்பத்திரியின் காலமும் முடிந்தது. ஆகவே எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது யார் என்ற கேள்வி அங்கே வெறும் வாதமல்ல.

‘ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டுமே’ என்பார்கள். பதில் சொல்ல ஆளில்லாத எச்சரிக்கை, பொறுப்பை அந்தப் பெண்ணின் தலையில்தான் கட்டும்: ‘அளவு ஏறியது உனக்கே தெரியுமே, ஏன் வரவில்லை?’ இன்னொரு ஆட்சேபம், வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் கணவனோடு பெங்களூர் போய்விடும் என்பது. நியாயம்தான். அதனால்தான் மீட்டரை, அங்குள்ள பெண்களோடு தமிழில் பேசும் ஓர் ஆஷா சுகாதாரப் பணியாளர் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன். ராகிக் களி எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். செங்கல்பட்டுப் பக்கத்துச் சூணாம்பேட்டில் 42 கிராமங்களுக்கு இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு சர்க்கரை நோய் வண்டி ஓடியது. அங்கும் வண்டியோடு நிறுத்தாமல், உள்ளூரிலேயே ஒரு கிளினிக்கையும் வைத்தார்கள்.

செலவுக் கணக்கு அடுத்த வாரம். ஸ்ட்ரிப் விலை, போன், செயலி எல்லாம் அதில் வரும். முதல் வரியில் மட்டும் அந்த ஆஷா பணியாளரின் சம்பளத்தை எழுதிக்கொள்வோம்.