எத்தனை ஒன்று?

சதுரங்கம் ஆடும் நிரல்கள் பலவற்றில், வெள்ளைச் சிப்பாய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடும். பலகையில் 64 கட்டங்கள். அந்த எண்ணில் 64 பிட்டுகள். சிப்பாய் நிற்கும் கட்டத்துக்கான பிட் 1, மற்றவை 0. எத்தனை சிப்பாய்கள் மிச்சம் என்று அறிய, எண்ணுக்குள் எத்தனை 1 இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எளிய வழி, வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுதான்: முதல் பிட், இரண்டாம் பிட், மூன்றாம் பிட் என்று 64 முறை. நொடிக்குப் பல லட்சம் ஆட்டநிலைகளை அலசவேண்டிய நிரலுக்கு இது கட்டுப்படியாகாது.

1960இல் பீட்டர் வெக்னர் ஓர் அழகான வழியை வெளியிட்டார். 44ஐ எடுத்துக்கொள்வோம், இருமத்தில் 101100. அதிலிருந்து 1ஐக் கழித்தால் 101011. 1களில் வலக்கோடியில் இருந்தது அணைந்துவிட்டது. அதற்கு வலப்புறம் இருந்த 0கள் 1 ஆகிவிட்டன. இடப்புறம் எதுவும் அசையவில்லை. இப்போது இரண்டு எண்களிலும் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால் 101000 கிடைக்கும். சரியாக ஒரு 1 போய்விட்டது! இப்படியே செய்தால் 100000, பிறகு 0. மூன்று சுற்று, ஆகவே மூன்று 1கள். இடையில் உள்ள 0களுக்காக ஒரு சுற்றுகூட வீணாகவில்லை. கழித்தல் என்ற மிகச் சாதாரணமான செயலுக்குள் இப்படி ஒரு குணம் ஒளிந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1கள் நிறைந்த எண்ணுக்கு வேறு வழி உண்டு. 10110111ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு சோடியிலும் 1, 2, 1, 2 ஒன்றுகள். அடுத்தடுத்த சோடிகளைக் கூட்டினால் 3, 3. மறுபடி கூட்டினால் 6. ஒவ்வொரு படியிலும் எல்லாக் கூட்டல்களும் ஒரே நேரத்தில் நடப்பதால் 64 பிட்டுக்கும் ஆறே படிகள் போதும்.

சில கணினிகள் இந்த வேலையை வன்பொருளிடமே விட்டுவிட்டன. சீமோர் கிரே வடிவமைத்து 1964இல் வந்த சிடிசி 6600இல் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. நம் மேசைக் கணினிகளுக்கு அது வரத் தாமதமாயிற்று: ஏஎம்டி 2007இல் சேர்த்தது, இன்டெல் 2008இல் நெஹாலம் சில்லுகளில் சேர்த்தது.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற தலைவலியை நிரலர் சுமக்க வேண்டியதில்லை. ஜாவா, கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இதற்கான செயற்கூறு இருக்கிறது. சி++ மொழி 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பாப்கவுண்ட்’ என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. சில்லில் கட்டளை இருப்பது கம்பைலருக்குத் தெரிந்தால், அந்தச் செயற்கூறை அழைக்கும் வரி ஒரே கட்டளையாகிவிடும். இல்லையென்றால் மென்பொருள் வழியில் விடை வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய சில்லிலும் ஓட வேண்டும் என்பதற்காக, சி++, ரஸ்ட் கம்பைலர்கள் வழக்கமாக அந்தக் கட்டளையைத் தவிர்த்துவிடும். வேகம் வேண்டுமென்றால் எந்தச் சில்லுக்காகத் தொகுக்கிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சி++இன் பாப்கவுண்ட் குறியற்ற முழு எண்ணை மட்டுமே ஏற்கும். கூட்டல், கழித்தல் குறி தாங்கும் எண்ணைக் கொடுத்தால் நிரல் தொகுக்கப்படவே படாது. இந்தக் கண்டிப்பு மிகச் சரியானது என்பேன். −1இல் எத்தனை 1கள்? 16 பிட்டில் எழுதினால் 16, 32 பிட்டில் எழுதினால் 32. எதிர்மறை எண்களைக் கணினி எழுதும் முறையில் −1 என்பது முழுக்க முழுக்க 1களால் ஆனது. ஜாவாவில் சாதாரண முழு எண்ணாகக் கேட்டால் 32 என்ற விடை வரும். பைத்தானோ குறியை நீக்கிவிட்டு எண்ணுவதால் 1 என்கிறது. இரண்டும் அந்தந்த மொழியின் விதிப்படி சரியே. சி++ எதையும் ஊகிப்பதில்லை: எத்தனை பிட் என்று முடிவுசெய்து, குறியற்ற எண்ணாக மாற்றித் தரும் பொறுப்பை அது நிரலரிடமே விட்டுவிடுகிறது.