பாட்டி சொன்ன பழமொழி பட்டறையிலும் உதவும்!

ஊரை விட்டு வேலை தேடிப் புறப்படுகிறவர் எதை எதையோ மூட்டை கட்டுகிறார். மிளகாய்ப் பொடி, ஊறுகாய், சான்றிதழ்கள், சாமி படம்... இவற்றோடு எடையே இல்லாத ஒரு சாமானும் கூட வருகிறது. அதற்கு ரெயிலில் டிக்கெட் கிடையாது. தொலைந்து போனாலும் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் வாய்க்கு வாய் சொன்ன பழமொழிதான் அது.

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் தமிழர் குடியேறியது நேற்று இன்று அல்ல. 1798-ல் நிஜாமுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆங்கிலேயர், தங்கள் படையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1806-ல் அந்த முகாமுக்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்று பெயர் ஏற்பட்டது. சென்னை ராணுவத்தோடு சிப்பாய்கள், கணக்கர்கள், காண்டிராக்டர்கள், வியாபாரிகள் என்று தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். 1862-ல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிதான் பின்னர் மகபூப் கல்லூரி ஆயிற்று. சிகாகோ செல்லுமுன் 1893 பிப்ரவரி 13-ந் தேதி விவேகானந்தர் பேசியது அங்கேதான்.

பிறகு லாலாகூடா ரெயில்வே பட்டறை வந்தது. 1966-ல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரெயில்வே உருவாயிற்று. பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் எழுந்தன. பிட்டர், வெல்டர், குமாஸ்தா, டைப்பிஸ்ட் என்று வந்த தமிழர்கள் பெருகினார்கள்.

வந்தவர்களை முதலில் திகைக்க வைத்தது மொழி. ஆனால் காதைத் தீட்டிக் கேட்டவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பாட்டி சொன்ன அதே பழமொழிகளைப் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியும் சொல்லிக்கொண்டிருந்தார்!

இரட்டைப் பிள்ளைகள்

"நிறைகுடம் தளும்பாது" என்பது தமிழ். "நிண்டு குண்ட தொணகது" என்பது தெலுங்கு. குடம்தான் குண்ட ஆயிற்று. உள்ளே இருக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று தமிழர் சொல்வதை, "பொருகிண்டி புல்லகூர ருசி" என்று தெலுங்கர் சொல்கிறார். அடுத்த வீட்டுப் புளிப்புக் கறி ருசியாக இருக்குமாம்! இந்தக் கம்பெனியை விட அந்தக் கம்பெனி மேல் என்று மாதத்துக்கு ஒரு வேலை மாறுகிறவர், இரண்டில் எதைக் கேட்டாலும் போதும்.

இந்தச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் உண்டு. பெர்சிவல் பாதிரியார் 1842-ல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1874-ல் வந்த பதிப்பில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. கேப்டன் கார் என்பவர் 1868-ல் சென்னையில் தெலுங்குப் பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். நாட்டை ஆள வந்தவர்களும் மதம் பரப்ப வந்தவர்களும் மக்களின் மனதை அறியத் தேடிய வழி இது. பிழைக்க வந்தவருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. கேன்டீனில் சமயம் பார்த்து ஒரு தெலுங்குப் பழமொழியை எடுத்துவிடும் தமிழரை, மேஸ்திரி அதற்குப் பிறகு அந்நியராக நினைப்பதில்லை.

மத்தளம் மேல் பழி

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." இதற்குத் தெலுங்கில் "ஆடலேக மத்தெல ஓடு" என்பார்கள். ஆடத் தெரியாதவர் மத்தளம் ஓட்டை என்றாராம்.

வேலை செய்யும் இடத்தில் தினமும் நடக்கும் கதை இது. கடைசல் பிடித்த உருப்படி அளவு தவறினால் லேத் மேல் பழி. பேரேடு ஒத்துவராவிட்டால் முன்பு இருந்த குமாஸ்தா மேல் பழி. பழி சொல்கிறவர் தவறு எங்கே நடந்தது என்று தேடுவதில்லை. ஆகவே, அதே தவறை மறுமாதமும் செய்கிறார்.

ஆனால் இந்தப் பழமொழிக்கு மறுபக்கமும் உண்டு. சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணல்! மறைப்புத் தகடு இல்லாத மெஷினில் விரல் போனால், "உனக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்லி முடித்துவிடலாமா? மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. வாயை அடைக்க இந்தப் பழமொழியைப் பயன்படுத்துகிற மேலாளரும் உண்டு.

எப்படித் தீர்மானிப்பது? அதே மெஷினைக் கைதேர்ந்த இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் அதே தவறு வந்தால் கூடம் கோணல். எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டியதுதான். அவருக்குச் சரியாக வந்தால், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முரண்படும் பழமொழிகள்

"பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணானவை, அவற்றை நம்பி எப்படி நடப்பது?" என்று படித்த இளைஞர்கள் கேட்பது வழக்கம்.

கேள்வி நியாயமானது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று ஒன்று அவசரப்படுத்துகிறது. "பதறாத காரியம் சிதறாது" என்று மற்றொன்று கையைப் பிடித்து நிறுத்துகிறது. தெலுங்கிலும் அதே சண்டைதான். "ஆலஸ்யம் அம்ருதம் விஷம்" என்கிறது ஒன்று. தாமதித்தால் அமுதமும் நஞ்சாகும். "நிதானமே பிரதானம்" என்கிறது மற்றொன்று.

பெட்டியில் சுத்தியலும் இருக்கிறது, அரமும் இருக்கிறது. இரண்டும் முரண் என்று எந்தத் தொழிலாளியும் சொல்வதில்லை. எந்த வேலைக்கு எது என்று தெரிந்து எடுக்கிறார். பழமொழியும் அப்படித்தான்.

களத்து மேட்டை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். காற்று உழவரின் கையில் இல்லை. அது வரும்போதுதான் தூற்ற முடியும். ஆகவே, பிறர் கையில் உள்ள காரியத்தில் தாமதம் கூடாது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி, இலாகாத் தேர்வு, ரெயில் முன்பதிவு எல்லாம் காற்றைச் சேர்ந்தவை. கையெழுத்துப் போடுவது, பணத்தை எண்ணிக் கொடுப்பது, மின்கம்பியைத் தொடுவது ஆகியவை தன் கையைச் சேர்ந்தவை. அங்கே பதறக்கூடாது. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

கடனும் பருப்புச் சோறும்

"அப்பு சேசி பப்பு கூடு" என்பது தெலுங்கு நாட்டில் எல்லோரும் அறிந்த சொல். கடன் வாங்கிப் பருப்புச் சோறு சாப்பிடுவதாம்! இதே பெயரில் எல்.வி. பிரசாத் இயக்கிய தெலுங்குப் படம் 1959-ல் வெளிவந்தது. என்.டி. ராமராவும் சாவித்திரியும் நடித்தார்கள். அதன் தமிழ்ப் படத்துக்கு வைத்த பெயர் "கடன் வாங்கிக் கல்யாணம்". தெலுங்கில் சாப்பாடு, தமிழில் கல்யாணம்! எந்தச் செலவுக்குக் கடன் வாங்கினால் எந்த ஊரார் சிரிப்பார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் காதுக்குச் சிறிதாகத் தெரிகிறது. 10 ஆயிரம் ரூபாய்க்கு மாதம் 300, ஆண்டுக்கு 3,600. மூன்று ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் 10,800. வாங்கியதை விட அதிகம் கட்டியாகிவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது! "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

தன் கடனை விட ஆபத்தானது பிறர் கடனுக்குப் போடும் ஜாமீன் கையெழுத்து. "பெயருக்குத்தான் சார், ஒரு கையெழுத்து" என்று நண்பர் கேட்பார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. சீட்டு சேருகிறவர்களும் 1982-ம் ஆண்டு சீட்டுச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டதா என்று கேட்பது நல்லது. சொந்த ஊர்க்காரர் நடத்துகிறார் என்பது பதிவு எண் ஆகாது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதன் பொருள் இதுதான்.

மூசி சொன்ன பாடம்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பதை ஐதராபாத் நகரமே கண்ணீரோடு கற்றது. 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி நதி கரை புரண்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள புளியமரத்தில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள்.

அதன் பிறகு நிஜாம் அரசு, பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவை அழைத்தது. வெள்ளநீரை நகருக்கு மேலேயே தேக்கும்படி அவர் யோசனை சொன்னார். உஸ்மான் சாகர் 1920-லும், இமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிந்தன. அழிவு செய்த அதே தண்ணீர், நகரத்தின் குடிநீர் ஆயிற்று.

வெள்ளத்தன்று புளியமரம் 150 பேரைக் காத்தது. அணையோ நகரத்தையே காக்கக் கட்டப்பட்டது. கஷ்டம் வந்த அன்று கைமாற்றுக் கொடுக்கும் நண்பர் புளியமரம். சம்பளம் வந்த அன்றே ஒதுக்கி வைக்கும் தொகை அணை. நண்பரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அவரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வெளி மாநிலத்தில் இருப்பவருக்கு ஏறி உட்காரும் மரங்கள் குறைவு.

பிள்ளைகளுக்கு எது?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பதற்கு, "மொக்கை வங்கனிதி மானை வங்குனா" என்று தெலுங்கில் சொல்வார்கள். செடியில் வளையாதது மரமானபின் வளையுமா?

இங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தெருவில் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றன. வீட்டிலாவது தமிழ் ஒலிக்க வேண்டும் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இலக்கணப் புத்தகத்தைக் கண்டால் பிள்ளை ஓடும். பழமொழியைச் சொன்னால், "கூடம் ஏன் கோணல்?" என்று கேட்கும். இரவுச் சாப்பாட்டின்போது நாளுக்கு ஒரு தமிழ்ப் பழமொழி சொல்லி, அதன் தெலுங்கு ஜோடியைப் பிள்ளையையே கேட்டுவரச் சொன்னால், இரண்டு மொழியும் சேர்ந்து வளரும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பழையன எல்லாம் பொன் அல்ல. பெண்களை இழித்தும், சில சாதியாரைப் பழித்தும் சொன்னவை பழைய தொகுப்புகளில் நிறைய உண்டு. அவற்றை மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டால் மூட்டைக்கு நஷ்டம் இல்லை.

"கை காய்த்தால் கமுகு காய்க்கும்" என்று ஒரு பழமொழி உண்டு. தண்ணீர் இறைத்து இறைத்துக் கை காய்த்துப் போனால்தான் பாக்கு மரம் காய்க்கும். காயத் தொடங்கவோ பல ஆண்டுகள் பிடிக்கும். தூர தேசத்தில் கை காய்க்க உழைப்பவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இறைக்கிற தண்ணீர் வட்டிக்கும் வெட்டி ஜாமீனுக்கும் வழியில் ஒழுகிப் போகாமல் பார்த்துக்கொண்டால், கமுகு காய்க்கும்.