ஒரு பக்கம் ஊமையான ரெக்கோட் பிளேயர்

ரெக்கோட் பிளேயரில் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால், "காட்ரிட்ஜ் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில்தான் முதலில் வரும். அதை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பார்ப்பது நல்லது. பல நேரங்களில் பழுது வெறும் களிம்புதான்.

வல்வெட்டித்துறை போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் பொருந்தும். உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் விட்டுவைப்பதில்லை. ஊசியிலிருந்து வரும் ஒலிச்சைகை சில மில்லிவோல்ற் அளவே கொண்டது. தொடுமுனையில் மெல்லிய பச்சை படர்ந்தாலே அது நின்றுவிடும்.

சோதனைக்குத் திருகாணிமுறுக்கி கூடத் தேவையில்லை. அம்பிளிபயரின் பலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அம்பிளிபயரை நிறுத்திவிட்டு, பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இடம் மாற்றிச் செருகி மீண்டும் போட வேண்டும். ஊமை மறுபக்க ஸ்பீக்கருக்குப் போனால் பழுது பிளேயரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. பழைய பக்கத்திலேயே நின்றால் அம்பிளிபயரையோ ஸ்பீக்கரையோதான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மொனோ தட்டே சிறந்தது, அதில் இரு பக்கமும் ஒரே ஒலிதான் வரும்.

பழுது பிளேயரில் என்றால், மின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஊசித்தலையைப் பார்க்கலாம். காட்ரிட்ஜின் பின்னால் நான்கு மெல்லிய வயர்கள் இருக்கும்: வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து, முனைகளை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து மீண்டும் செருகினாலே பல பிளேயர்கள் பாடத் தொடங்கிவிடும். பாடாவிட்டால் இடச் சோடியையும் வலச் சோடியையும் மாற்றிச் செருக வேண்டும். ஊமையும் இடம் மாறினால்தான் காட்ரிட்ஜ் பழுது. மாறாவிட்டால் ஊசித்தலையைத் தாங்கும் கையினுள் ஓடும் வயர், வெளிவயர், ஒலியடக்கும் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று. ஜெர்மனியின் டூவல் பிளேயர்களில் இந்தச் சுவிட்ச் அழுக்கேறி ஒரு பக்கத்தை அடைத்துவிடுவது பேர்போன பழுது.

காட்ரிட்ஜ் முனையில் நேரடியாக ஈயம் பற்றவைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே சுருள் அறுந்துவிடும். மல்ரிமீற்றர் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய செராமிக் காட்ரிட்ஜில் சுருளே இல்லை. மீற்றர் எதையும் காட்டாததால் அது பழுது என்றாகிவிடாது.

உயிராபத்தும் உண்டு. அம்பிளிபயரைத் தன்னுள்ளேயே கொண்ட சில பழைய வால்வு பிளேயர்களில் மின்மாற்றி கிடையாது. உலோகச் சட்டத்திலேயே 230 வோல்ற் ஏறியிருக்கக்கூடும். அவற்றைத் திறப்பதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை அன்னபூரணிக் கப்பலை ஓட்டிப்போனவர்களின் ஊர் வல்வெட்டித்துறை. இன்று வெளிநாட்டுப் பொருள்கள் உறவினரின் பொதிகளில் வருகின்றன. கனடாவிலிருந்து வரும் பிளேயர் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்கானது. மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. ஹேர்ட்ஸை நம்பிச் சுழலும் மோட்டாரில் 33⅓ சுற்று ஏறக்குறைய 28 ஆகிவிடும். இலண்டன் கடையில் வாங்குவதானால், பழைய பொருளுக்கும் 2015ஆம் ஆண்டின் பிரித்தானிய நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும்; பழுதிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கப்பலில் அனுப்பினால் அந்தக் கெடு வழியிலேயே முடிந்துவிடலாம். எனவே இரு பக்கமும் பாடுகிறதா என்று அங்கேயே கேட்டுவிட்டுப் பொதி கட்டச் சொல்லுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது காட்ரிட்ஜின் பெயர் தெரியும்படி ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும். பெயர்பெற்ற ஷூர் நிறுவனம் 2018இல் காட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது; கழற்றிய அசல் பாகம் பழுதானாலும் பெறுமதியுள்ளது, அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். சேவை உரிய கவனத்துடனும் திறனுடனும் செய்யப்பட வேண்டும். இது பழுதுபார்ப்புக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.