புதியோர்க்கு எழுதும் வழிகாட்டி

கணினி விளையாட்டு என்றவுடன், சிறுவரின் பொழுதை விழுங்கும் ஒன்று என்றே பெரியோர் பலர் கருதுவர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆடுவதோடு அமையாமல், ஆட்டத்தையே பிரித்துப் பார்த்துத் திருத்தி அமைக்கும் இளைஞரும் உளர். விளையாட்டை ஆக்கியோர் அல்லாத பிறர் அதன்மேல் ஏற்றும் இத்தகைய மாற்றம் 'மோட்' என வழங்கும். 1998-இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டின்மேல் ஆர்வலர் இருவர் 1999-இல் அமைத்த மோட்டே 'கவுண்டர்-ஸ்டிரைக்'. அதனை வால்வ் நிறுவனம் 2000-இல் தனி விளையாட்டாகவே விற்பனைக்குக் கொணர்ந்தது. நிரல் எழுதவும் படம் வரையவும் பலர் முதன்முதல் கைவைத்த இடம் இந்த மோட் உலகமேயாகும்.

அவ்வுலகின் வாயிலில் நிற்பது வழிகாட்டிக் கட்டுரை. புகவந்த பலர் அவ்வாயிலிலேயே திரும்பிவிடுகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது.

மைன்கிராப்ட்டைச் சான்றாகக் கொள்வோம். சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் 2009-இல் பொதுமக்கள் முன் வைத்து, 2011-இல் முழுமையாக வெளிவந்த விளையாட்டு இது. இதனை அறியாத பள்ளிப் பிள்ளை அரிது. இதற்கு மோட் சேர்க்கும் முறையைக் கூறும் வழிகாட்டிகளுள் பல மூன்றே வரியில் முடிந்துவிடும்: ஃபேப்ரிக்கை நிறுவுக, மோட்டை மோட்ஸ் கோப்புறையில் இடுக, விளையாட்டைத் திறக்க. அறிந்தவர்க்கு இம்மூன்று வரியே மிகை. அறியாதவர்க்கோ?

முதலாவது, மைன்கிராப்ட் ஒன்றன்று, இரண்டு. கணினிக்குரிய ஜாவா பதிப்பு ஒன்று. கைப்பேசியிலும் பிற கருவிகளிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு மற்றொன்று. ஃபேப்ரிக் ஜாவா பதிப்பிற்கே உரியது. கைப்பேசியில் ஆடும் சிறுவன் ஒரு மாலைப் பொழுது முழுதும் முயன்றாலும் அவ்வழிகாட்டியால் பயன் பெறான். இதனைச் சொல்ல ஒரு வரி போதும். அவ்வொரு வரி பல கட்டுரைகளில் இல்லை.

அடுத்து, நிறுவுவதற்கான கோப்பு 'ஜார்' என்னும் வகையினதாக இருக்கக்கூடும். அதை இருமுறை சொடுக்கினால் நிறுவும் பலகை தோன்ற வேண்டும். ஆனால் கணினியில் சுருக்கக் கோப்புகளை விரிக்கும் செயலி முன்பே இருப்பின், அது முந்திக்கொண்டு கோப்பின் உள்ளுறுப்புகளைக் கடைபரப்பிக் காட்டும். மோட்டும் ஜார் கோப்பே ஆதலால், அதனையும் விரித்து, உள்ளிருப்பவற்றை அள்ளிக் கோப்புறையில் இடுவார் பலர். கோப்பைத் திறவாமல் அப்படியே இட வேண்டும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

இனி, மோட்ஸ் கோப்புறை எங்குள்ளது? விண்டோஸ் கணினியில் அது 'ஆப்டேட்டா' என்னும் மறைத்து வைக்கப்பட்ட கோப்புறையின் உள்ளே, பெயருக்கு முன் புள்ளியிட்ட மைன்கிராப்ட் கோப்புறைக்குள் இருக்கும். ஃபேப்ரிக்குடன் ஒருமுறை விளையாட்டைத் திறக்கும்வரை அது தோன்றாமலும் இருக்கக்கூடும். இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுகிறது வழிகாட்டி.

இவற்றினும் கொடியது இறுதிப்படி. லாஞ்சர் பலகையில் ஃபேப்ரிக் என்னும் பெயரைத் தேர்ந்து திறக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிடில் பிழைச் செய்தி எதுவும் வாராது. மாற்றமேதுமற்ற பழைய விளையாட்டே அமைதியாகத் திறக்கும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவன், தான் எங்கோ தவறிவிட்டதாக எண்ணி முதலிலிருந்து தொடங்குகிறான், அல்லது விட்டுவிடுகிறான்.

அறிந்தோர் இவற்றை ஏன் எழுதுவதில்லை? சோம்பல் என்று சொல்லிவிட இயலாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பார் 1990-இல் செய்த ஆய்வொன்று இதனை விளக்கும். சிலரை அழைத்து, யாவரும் அறிந்த பாடல்களின் தாளத்தை மட்டும் மேசைமேல் தட்டச் செய்தார். கேட்போர் அஃது எப்பாடல் எனக் கூற வேண்டும். கேட்போருள் பாதிப்பேர் கண்டுகொள்வர் எனத் தட்டியோர் எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட 120 பாடல்களுள் கேட்டோர் கண்டது 3 மட்டுமே. தட்டுவோன் மனத்துள் பாடல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்போன் காதிலோ வெறும் தட்டல் ஒலி. வழிகாட்டி எழுதுவோன் நிலையும் இதுவே. கழித்தலில் கடன் வாங்கும் முறையை ஆண்டுதோறும் கற்பிக்கும் ஆசிரியர், ஏதோ ஒரு நாள் அப்படியைச் சொல்லாமலே விடையை எழுதிவிடுவதும் உண்டன்றோ?

கடினமான வழிகாட்டி, ஊக்கமில்லாதவரை வடிகட்டி விடும். அதுவும் நன்றே எனக் கூறுவாரும் உளர். இக்கூற்று பொருந்தாது. இங்கே சோதிக்கப்படுவது ஊக்கமன்று. அருகில் அமர்ந்து 'அதைத் திறக்காதே, அப்படியே இடு' என்று சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ உண்டா என்பதே சோதிக்கப்படுகிறது. அப்படி ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கே எழுத்தின் துணை மிகுதியும் வேண்டும்.

நிற்க. விடுபட்ட படிகளை எழுதுவோன் தன் நினைவைக் கிளறிக் கண்டுகொள்வது அரிது. புதியவன் ஒருவனை அமர்த்தி, கட்டுரையைக் கையில் கொடுத்து, வாய் திறவாமல் பக்கத்தில் இருந்து பார்ப்பதே வழி. வாய் திறவாமை எளிதன்று. ஆசிரியர்க்கு இன்னும் அரிது! அவன் கை எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது என்று பொருள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் கேரல் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1980-களில் அலுவலகப் பணியாளர் கணினி பயில்வதை இவ்வாறே அருகிருந்து நோக்கினர். பயில்வோர் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. இரண்டு வரி படித்தவுடன் செய்து பார்க்கவே விரைந்தனர். தவறியபோது மீளும் வழி அறியாமல் திகைத்தனர். எனவே விளக்கவுரைகளைக் குறைத்து, செய்யும் பணியை முன்வைத்து, தவறினால் திரும்பும் வழியையும் சேர்த்துச் சிறு கையேடு ஒன்றை அவர்கள் ஆக்கினர். அதனைக் கொண்டு பயின்றோர் குறைந்த காலத்தில் கற்றனர்.

ஆகவே, புதியோர்க்கு உதவுவது வெறும் நீளம் அன்று. ஒவ்வொரு படியின் முடிவிலும் திரையில் என்ன தோன்ற வேண்டும் என்று சொல்வதே முதன்மையானது. அது தோன்றினால் மேலே செல்லலாம். தோன்றாவிடில் தவறு அப்படியிலேயே உள்ளது. காரணத்தையும் சுருக்கமாகத் தருதல் நலம். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் மோட் சேர்த்தோர் விளையாட்டின் மூலக் கோப்பையே திறந்து, அதிலுள்ள 'மெட்டா-இன்ஃப்' என்னும் பகுதியை நீக்க வேண்டியிருந்தது. நீக்குக என்று எழுதியோர் பலர். ஏன் என்று எழுதியோர் சிலர். மூலக் கோப்பு மாறாமல் இருக்கிறதா எனச் சரிபார்க்கும் கையொப்பம் அதனுள் இருந்தது. மாற்றம் கண்டால் விளையாட்டு கருந்திரையோடு நின்றுவிடும். இவ்வளவு அறிந்தவன் அப்படியை மறவான். கருந்திரையைக் கண்டாலும் அஞ்சான்.

கட்டுரையின் தலையிலேயே, எந்தப் பதிப்பு எண்ணுக்கு எழுதப்பட்டது என்பதும் எழுதிய நாளும் இருத்தல் வேண்டும். 1.20.1 பதிப்பிற்கான மோட் 1.21 பதிப்பில் ஓடும் என நம்புவதற்கில்லை. அதற்கும் முன்னே வைக்க வேண்டியது ஒன்றுண்டு: 'சேவ்ஸ்' என்னும் கோப்புறையைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுதல். பல மாதம் அடுக்கிக் கட்டிய ஊர் அதனுள் உள்ளது. இவ்வெச்சரிக்கை கட்டுரையின் கடைசியில் வருமாயின், அதைப் படிக்குமுன் ஊர் அழிந்திருக்கக்கூடும்.

தமிழில் எழுத முற்படும் ஆசிரியர்க்கு ஒரு சொல். திரையில் 'இன்ஸ்டால்' என்றிருக்க, வழிகாட்டி 'நிறுவுக' என்னும் பொத்தானை அழுத்தச் சொன்னால், பிள்ளை திரை முழுதும் தேடிக் களைப்பான். விளக்கம் நல்ல தமிழில் இருக்கட்டும்; பொத்தானின் பெயர் திரையில் உள்ளவாறே இருக்கட்டும்.

பிழைச் செய்தியைப் படிக்கக் கற்பித்தலும் வழிகாட்டியின் கடனே. துணைக்கோப்பு ஒன்று குறைந்தால் ஃபேப்ரிக் ஒரு பலகையைத் திறந்து காட்டும். பெரும்பாலும் குறைவது ஃபேப்ரிக் ஏபிஐ என்னும் கோப்பு. பல மோட்களுக்கு அது தேவை. ஆங்கில வரிகளைக் கண்ட மாத்திரத்தில் புதியவன் அப்பலகையை மூடிவிடுவான். எந்த மோட்டுக்கு எது தேவை, எந்தப் பதிப்பு தேவை என்பது அவ்வரிகளிலேயே இருக்கும். அந்தக் கோப்பைப் பதிவிறக்கி, திறவாமல் மோட்ஸ் கோப்புறையில் இட்டு, மீண்டும் விளையாட்டைத் திறந்து பார்க்கலாம்.