கதிரியக்கத் தூசு விழுந்த நிலத்தில் என்ன செய்வது?



தோட்டத்தில் உரம் போட்டுப் பழகியவர்களுக்குப் பொட்டாஷ் எது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. செம்பனை மரத்தைச் சுற்றித் தூவுகிறோமே, அதேதான். அந்த உரத்திற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை விளக்க நாம் 1986-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அன்றைய சோவியத் நாட்டைச் சேர்ந்த உக்ரேனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் உலை ஒன்று வெடித்தது. கதிரியக்கத் தூசு காற்றோடு ஐரோப்பா எங்கும் பரவிற்று. மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்ப்ரியா மலைகளில் பெருமழை பெய்தது. மழையோடு சீசியம் என்னும் பொருளும் புல்லில் இறங்கியது. அந்தப் புல்லைத்தான் ஆடுகள் மேய்ந்தன.

சீசியம்-137 என்பது பாதியாகக் குறைவதற்கே 30 ஆண்டுகள் பிடிக்கும். அது பொட்டாசியத்தின் உறவுப் பொருள். ஆகவே பயிரின் வேர் இரண்டையும் சரியாகப் பிரித்தறியாமல் இதையும் உறிஞ்சிவிடுகிறது.

ஜூன் மாதம் அந்த ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள் மேலிடத்தார். கணக்கு போட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் அது களிமண்ணுக்கு உரிய கணக்கு. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு எளிதில் விடாது. கம்ப்ரியா மலையிலோ, செடிகொடி மக்கி உண்டான பீட் மண். நம் நாட்டிலும் செம்பனை நட்ட சில சதுப்பு நிலங்களில் இதைப் பார்க்கிறோம். இந்த மண்ணுக்குப் பிடிமானம் குறைவு. புல் ஆண்டுதோறும் சீசியத்தை மேலே எடுத்துக்கொண்டே இருந்தது. பிரிட்டன் முழுவதும் ஏறக்குறைய 9,800 பண்ணைகள் தடைக்குள் வந்தன. கடைசிப் பண்ணைகள் விடுபட்டது 2012 ஜூன் மாதத்தில். மூன்று வாரம் 26 ஆண்டாயிற்று!

இன்னொன்றும் நடந்தது. சோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்து மேய்த்தார்கள். மலையில் திரிந்து பழகிய ஆடு அடைத்தால் இளைத்துப் போகுமே என்று ஆட்டுக்காரர்கள் முதலிலேயே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தச் சோதனையைக் கைவிட நேர்ந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் இதை எழுதி வைத்திருக்கிறார்.

செர்னோபிலுக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் கூடி ‘ரோடோஸ்’ என்ற கணிப்பொறி முறையை உருவாக்கின. முடிவெடுக்க உதவும் கருவி என்று இத்தகையவற்றைச் சொல்லலாம். காற்று எங்கே வீசுகிறது, மழை எங்கே பெய்தது, அங்கே என்ன பயிர், எந்த மாதம் என்ற விவரங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். அது கட்டளை போடுவதில்லை. இன்னது செய்தால் இவ்வளவு குறையும், இவ்வளவு செலவாகும், இவ்வளவு கழிவு சேரும் என்று எதிரே வைக்கிறது. மேல்மண்ணை வாரி எடுத்தால் நிலம் தூய்மையாகும். ஆனால் அந்த மண்மலையை எங்கே கொட்டுவது? ஆழ உழுதால் சீசியம் கீழே போகும். பாறை நிலத்தில் கலப்பை இறங்குமா? ஆட்டை வெட்டுவதற்குச் சில வாரம் முன்பே தூய புல்வெளிக்கு மாற்றினால் இறைச்சியிலுள்ள சீசியம் வெளியேறிவிடும். நார்வேயில் ‘பிரஷ்யன் நீலம்’ என்ற சாயப்பொருளைக் கால்நடைத் தீனியிலும் உப்புக்கட்டியிலும் கலந்து கொடுத்தார்கள். அது வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றியது. இவற்றில் எது தனக்குக் கட்டுப்படியாகும் என்பதை அந்த நிலத்துக்காரர்தான் சொல்ல முடியும். அவரைக் கேட்காமல் போட்ட கணக்கு எப்படிப் போகும் என்று கம்ப்ரியாவில் பார்த்தோம்.

இப்போது பொட்டாஷுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானது. அங்கே நெல் வயல்களுக்கு ஓர் எளிய விதி வகுத்தார்கள்: வயல் மண்ணைச் சோதித்துப் பார், 100 கிராமில் 25 மில்லிகிராம் பொட்டாஷாவது இல்லையென்றால் உரம் போட்டு ஈடு செய். வேருக்குப் போதிய பொட்டாசியம் கிடைத்துவிட்டால் சீசியத்தை அவ்வளவாக நாடாது. 2012 முதல் அம்மாவட்டத்து அரிசியை மூட்டை மூட்டையாகக் கருவியில் வைத்து அளந்தார்கள். கிலோவுக்கு 100 பெக்கெரெல் என்பது வரம்பு. 2015-ஆம் ஆண்டு விளைச்சலில் அந்த வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை.