உழவர் கம்பெனிக் கணக்குக்குக் ‘கிளவுட்’ காப்பு: நன்மையும் வரம்பும்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் பலவற்றில் உறுப்பினர் பங்குத் தொகை, கொள்முதல் எடை, உரக் கடன், பாக்கி யாவும் இன்று கம்ப்யூட்டரில் ஏற்றப்படுகின்றன. அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால், எந்த உறுப்பினருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே தகராறாகிவிடும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் கம்ப்யூட்டரும், அதே மேசையில் வைத்துள்ள பென் டிரைவும் ஒன்றாகவே மூழ்கும்.

இதற்குப் பரிகாரமாக வந்திருப்பதே ‘கிளவுட்’ முறை. பெயர்தான் மேகம், உண்மையில் வேறு ஊரில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் நிலையத்தில், இன்டர்நெட் வழியாகக் கணக்கின் நகலைச் சேமித்து வைப்பதாகும்.

நன்மைகள்

வெள்ளம், தீ, திருட்டு ஆகியவற்றால் அலுவலகம் பாதிக்கப்பட்டாலும் நகல் தப்பும். நேரம் குறித்துவிட்டால் நாள்தோறும் தானாகவே நகல் எடுக்கப்படும். வேறொரு கம்ப்யூட்டரில் கணக்கை இறக்கி வேலையைத் தொடரலாம். சட்டத் தேவையும் உண்டு. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் நகல் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. எனவே நகல் எந்த நாட்டில் வைக்கப்படுகிறது என்பதைச் சேவை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது அவசியம்.

வரம்புகள்

இன்டர்நெட் மெதுவாக உள்ள கிராமங்களில் பொறுமை தேவை. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 10 ஜி.பி. தகவலை இறக்கச் சுமார் 11 மணி நேரம் பிடிக்கும். மாதச் சந்தா கட்டத் தவறினால் சேவை நின்றுவிடலாம்.

சில சேவைகள் கம்ப்யூட்டரில் உள்ளதை அப்படியே பிரதிபலிப்பவை. இங்கே ஒரு கணக்கை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பழைய நகல்களைத் தேதி வாரியாக வைத்திருக்கும் சேவையே உண்மையான காப்பு.

கிளவுட் நிலையத்துக்கும் விபத்து நேரலாம். பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் நிலையம் 2021 மார்ச் 10 அன்று எரிந்தது. காப்பு நகலும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தனர்.

கடைப்பிடிக்க வேண்டியவை

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதில்லை. கணக்குக்கும் அதே முறைதான். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வெளியூரில் இருக்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர், தனியே பூட்டி வைக்கும் ஹார்டு டிஸ்க், கிளவுட் ஆகிய மூன்றும் இருந்தால் போதுமானது. ஹார்டு டிஸ்கை நகல் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கழற்றி வைத்தால், கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸ் அதை எட்டாது.

கிளவுட் கணக்கைக் குமாஸ்தாவின் பெயரிலோ, அவரது செல்போன் எண்ணிலோ தொடங்கக் கூடாது. அவர் வேலையை விட்டுச் சென்றால் சாவியும் உடன் போய்விடும். கம்பெனியின் பெயரில் தொடங்கி, பாஸ்வேர்டை உறையிலிட்டுப் பொறுப்பாளர் இருவரின் கையொப்பத்துடன் பெட்டகத்தில் வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதத்திற்கு ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் நகலை இறக்கி, பத்து உறுப்பினர்களின் பாக்கியை ரசீதுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், முளைப்புத்திறன் பார்க்காத விதைக்குச் சமம்.